தென் கலிபோர்னியாவில் சிறு மாசு மூலங்களுக்கான காற்று அனுமதி விதிகளின் வரலாறு

தென் கலிபோர்னியாவின் காற்று அனுமதி விதிகள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரையும் அதைச் சூழ்ந்த பகுதிகளையும் கொண்ட வடிநிலத்தில், காற்றை மாசுபடுத்தும் கருவிகளை நிறுவவும் இயக்கவும் உள்ளூர் ஆணையங்கள் வழங்கும் அனுமதியை நெறிப்படுத்தும் விதிகளாகும். எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை, மின் நிலையம் போன்ற பெரிய ஆலைகளுக்கு மட்டுமன்றி, உலர் சலவையகம், அடுமனை, மரச்சாமான் பட்டறை, முலாம் பூசும் பட்டறை, உணவகம் ஆகியவற்றுக்கும் இவை பொருந்துகின்றன. 1947இல் தொடங்கிய இவ்விதிகள் பலமுறை திருத்தப்பட்டுள்ளன. எந்தச் சிறு மூலத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற கேள்வியே இத்திருத்தங்களில் பெரும்பாலானவற்றின் மையமாக இருந்துள்ளது.

பின்புலம்

லாஸ் ஏஞ்சலஸ் வடிநிலத்தின் மேற்கில் பசிபிக் பெருங்கடலும் மற்றத் திசைகளில் மலைகளும் உள்ளன. கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்றின் மேல் வெப்பமான காற்று மூடிபோல் படிவதால், தரையை ஒட்டி எழும் புகை மேலே செல்ல முடியாமல் தேங்குகிறது. ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் இடம் என்பதால் தேங்கிய புகையில் வேதிவினைகளும் நிகழ்கின்றன.

1943 சூலை 26 அன்று நகரின் மையப்பகுதியைக் கடுமையான பனிப்புகை சூழ்ந்தது. மூன்று தெருக்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மக்களுக்குக் கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் ஏற்பட்டன. போர்க்காலம் என்பதால் சப்பானியர் நச்சு வாயு வீசிவிட்டனரோ என்ற அச்சமும் எழுந்தது. செயற்கை இரப்பருக்காக பியூட்டாடையீன் தயாரித்த ஓர் ஆலையின் மீது பழி விழுந்தது. அந்த ஆலை தற்காலிகமாக மூடப்பட்ட பின்னரும் பனிப்புகை தொடர்ந்தது. ஒரே ஒரு பெரிய குற்றவாளியைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் பொய்த்தது அப்போதுதான்.

செயிண்ட் லூயிஸ் நகரில் நிலக்கரிப் புகையைக் கட்டுப்படுத்திய பொறியியல் பேராசிரியர் ரேமண்ட் டக்கரை லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் அழைத்து ஆய்வு செய்யச் சொன்னது. 1947 சனவரியில் வெளியான அவரது அறிக்கை, பனிப்புகைக்குப் பல்வேறு மூலங்கள் கூட்டாகக் காரணமாகின்றன என்று கூறியது. கவுண்டி முழுவதற்கும் ஒரே கட்டுப்பாட்டு அமைப்பு வேண்டும், வீட்டுக் கொல்லைகளில் குப்பை எரிப்பதை நிறுத்த வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் அடங்கும்.

1947ஆம் ஆண்டுச் சட்டமும் அனுமதி முறையும்

அக்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் நாற்பதுக்கும் மேற்பட்ட தனித்தனி நகராட்சிகள் இருந்தன. ஒரு நகராட்சி தடை விதித்தால் அடுத்த நகராட்சியிலிருந்து புகை வந்தது. இதற்குத் தீர்வாக, ஒவ்வொரு கவுண்டியும் தன் எல்லை முழுவதற்கும் ஒரு காற்று மாசுக் கட்டுப்பாட்டு மாவட்டத்தை அமைத்துக்கொள்ள இடமளிக்கும் சட்டத்தை ஆளுநர் ஏர்ல் வாரன் 1947 சூன் 10 அன்று கையெழுத்திட்டு நடைமுறைப்படுத்தினார். அச்சட்டப்படி லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் மாவட்டம் அதே ஆண்டில் உருவானது.

இச்சட்டத்தின் முதன்மையான கருவி அனுமதி முறையாகும். காற்றில் மாசு கலக்கக்கூடிய கருவியை நிறுவும் முன் ஒரு கட்டுமான அனுமதியும், அதை ஓட்டும் முன் ஓர் இயக்க அனுமதியும் பெற வேண்டும். மாசு ஏற்பட்ட பின் வழக்குத் தொடுப்பதற்கு மாறாக, மாசு ஏற்படும் முன்னரே வரைபடத்தைப் பார்த்துத் தடுப்பது இதன் நோக்கம். கருவி விதிகளுக்கு உட்பட்டு இயங்கும் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பித்தவரைச் சேர்ந்தது.

விலக்குகளும் உடன் வந்தன. வாகனங்கள், நான்கு குடும்பங்களுக்கு மேல் இல்லாத குடியிருப்புக் கட்டடங்கள், வணிக நோக்கமற்ற வாட்டடுப்புகள் ஆகியவற்றுக்கு உள்ளூர் மாவட்டங்கள் அனுமதி கோரக் கூடாது என்பது கலிபோர்னியச் சட்டத்தில் இன்றும் உள்ளது. வேளாண் கருவிகளுக்கும் நெடுங்காலம் இவ்விலக்கு இருந்தது. 2003இல் இயற்றப்பட்ட சட்டம் அதை நீக்கியது. வீட்டுக்குள் அனுமதி அலுவலர் நுழையக் கூடாது என்ற இந்த எல்லை, பிற்காலத்தில் விதிகள் வேறு வழிகளைத் தேடக் காரணமாயிற்று.

கொல்லைப்புற எரிகலங்கள்

சிறு மூலங்கள் தொடர்பான முதல் பெரும் சர்ச்சை குப்பை எரிகலங்களைப் பற்றியதாகும். லாஸ் ஏஞ்சலசில் தாளும் அட்டையும் இலைச் சருகும் வீட்டுக் கொல்லையில் இருந்த சிறு எரிகலங்களில் எரிக்கப்பட்டன. இவை இலட்சக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றும் வெளியிடும் புகை சிறிதெனினும், காலை வேளையில் எல்லாம் ஒன்றாகப் புகைந்தபோது அது ஓர் ஆலையின் புகையை விஞ்சியது.

எதிர்ப்பு இருவகைப்பட்டது. எண்ணெய் நிறுவனங்களையும் வாகனங்களையும் விட்டுவிட்டு வீட்டுக்காரர்களைத் தண்டிப்பதா என்பது ஒன்று. எரிக்கக் கூடாது என்றால் குப்பையை யார் எடுத்துச் செல்வது என்பது மற்றொன்று. முதல் வாதத்துக்கு ஓரளவு நியாயம் இருந்தது. இரண்டாவது நடைமுறைச் சிக்கல். குப்பை அகற்றும் ஏற்பாடு இல்லாமல் தடையைச் செயற்படுத்த முடியாது. 1954 அக்டோபரில் பல நாள்கள் நீடித்த கடும் பனிப்புகைக்குப் பின் மக்களின் மனநிலை மாறியது. 1957 அக்டோபர் 1 முதல் கொல்லைப்புற எரிகலங்கள் தடை செய்யப்பட்டன.

தடையின் விளைவாக நகராட்சி குப்பை சேகரிப்பை விரிவாக்க வேண்டியதாயிற்று. உலோகத் தகரங்களை வீட்டுப் பெண்கள் தனியே பிரித்து வைக்க வேண்டியிருந்த ஏற்பாட்டை ஒழிப்பதாக வாக்குறுதி தந்த சாம் யார்ட்டி 1961இல் நகரத் தந்தைத் தேர்தலில் வென்றார். காற்றைப் பற்றிய ஒரு விதி சமையலறை வரை சென்று தேர்தல் அரசியலையும் தொட்டதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

கரைப்பான்களும் 66ஆம் விதியும்

கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த நெதர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், 1950களின் தொடக்கத்தில் பனிப்புகையின் இயல்பை விளக்கினார். ஐதரோகார்பன்களும் நைட்ரசன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உருவாக்குகின்றன என்பது அவரது கண்டுபிடிப்பு. அதுவரை கண்ணுக்குத் தெரிந்த புகையே மாசு எனக் கருதப்பட்டது. இனி, புகைபோக்கியே இல்லாத இடங்களும் மாசு மூலங்களாகக் கணக்கில் வந்தன. வண்ணப்பூச்சு உலரும்போது, அச்சு மை காயும்போது, துணி வெளுக்கும்போது ஆவியாகும் கரைப்பான்கள் அனைத்தும் ஓசோனுக்கான மூலப்பொருள்கள் ஆயின.

இதன் அடிப்படையில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 1966இல் 66ஆம் விதியை இயற்றியது. ஒளிவேதி வினையில் தீவிரமாக ஈடுபடும் கரிமக் கரைப்பான்களை அது கட்டுப்படுத்தியது. கட்டுப்பாட்டின் எல்லை ஆலைகளைத் தாண்டிச் சிறு பட்டறைகளுக்கு விரிந்தது இவ்விதியால்தான். பிற மாநிலங்களும் இதை முன்மாதிரியாகக் கொண்டன.

ஒருங்கிணைப்பும் விலக்குப் பட்டியலும்

பனிப்புகை கவுண்டி எல்லைகளையும் மதிக்கவில்லை. லாஸ் ஏஞ்சலசில் உருவான ஓசோன் கடற்காற்றால் கிழக்கே தள்ளப்பட்டு ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ பகுதிகளைப் பாதித்தது. எனவே லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்சு, ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ ஆகிய கவுண்டிகளின் பகுதிகளை ஒன்றிணைத்து சவுத் கோஸ்ட் காற்றுத்தர மேலாண்மை மாவட்டம் 1977 பிப்ரவரி 1 முதல் செயற்படத் தொடங்கியது. ஊர்திகளின் புகை மாநில, நடுவண் அரசுகளின் பொறுப்பாக இருக்க, நிலையான மூலங்கள் இம்மாவட்டத்தின் பொறுப்பாயின.

புதிய மாவட்டத்தின் விதித்தொகுப்பில் 201ஆம் விதி கட்டுமான அனுமதியையும் 203ஆம் விதி இயக்க அனுமதியையும் வகுக்கின்றன. எந்தக் கருவிகளுக்கு அனுமதி தேவையில்லை என்று 219ஆம் விதி பட்டியலிடுகிறது. 50 குதிரைத்திறன் வரையிலான உள்ளெரி பொறிகள், மணிக்கு 20 இலட்சம் பிரித்தானிய வெப்ப அலகு வரையிலான இயற்கை எரிவாயுக் கொதிகலன்கள் போன்றவை அதில் அடங்கும். தொகுப்பில் அதிகமாகத் திருத்தப்பட்ட விதிகளுள் இதுவும் ஒன்று. ஒரு புதிய வகைக் கருவி சந்தைக்கு வரும்போதும், பழைய கருவி எண்ணியதைவிடத் தீங்கானது எனத் தெரியும்போதும் இப்பட்டியல் மாறுகிறது.

1990ஆம் ஆண்டின் நடுவண் தூய காற்றுச் சட்டத் திருத்தங்கள் பெரிய மூலம் என்பதன் வரையறையையே இடத்துக்கேற்ப மாற்றின. நாட்டின் பல பகுதிகளில் ஆண்டுக்கு 100 டன் வெளியிடும் ஆலை பெரிய மூலமாகும். ஓசோன் நிலை மிக மோசமான சவுத் கோஸ்ட் வடிநிலத்திலோ ஆண்டுக்கு 10 டன் கரிம ஆவியோ நைட்ரசன் ஆக்சைடோ வெளியிட்டாலே அது பெரிய மூலமாகிவிடும். பிற ஊரில் எவரும் பொருட்படுத்தாத பட்டறை இங்கு நடுவண் அனுமதிக்கு விண்ணப்பிக்க நேர்ந்தது.

முழு அனுமதிக்கும் முழு விலக்குக்கும் இடையே ஒரு வழியும் தேவைப்பட்டது. 1998இல் இயற்றப்பட்ட 222ஆம் விதி, குறிப்பிட்ட சில சிறு கருவிகளின் உரிமையாளர்கள் பொறியியல் ஆய்வின்றிப் பதிவு மட்டும் செய்துகொண்டு, வகுக்கப்பட்ட நிபந்தனைகளின்படி இயக்கிவர இடமளித்தது. கடைக்காரருக்குக் கட்டணமும் காத்திருப்பும் குறைந்தன. மாவட்டத்துக்கோ எந்தத் தெருவில் என்ன கருவி இருக்கிறது என்ற கணக்குக் கிடைத்தது.

1990களின் விதிகள்

பெரிய ஆலைகளில் குறைக்கக்கூடியது குறைக்கப்பட்ட பின், மாவட்டத்தின் கவனம் சிறிய மூலங்களின் பக்கம் திரும்பியது. 1990இல் வாட்டடுப்புக் கரியைப் பற்றவைக்கும் திரவத்தின் ஆவி கட்டுப்படுத்தப்பட்டது. வீட்டு அடுப்புக்கு அனுமதி கேட்க முடியாது என்பதால், விதி திரவத்தைத் தயாரித்து விற்போரை நோக்கியது. வீட்டுச் சுவருக்குப் பூசும் வண்ணத்துக்கும் இதே வழி பின்பற்றப்பட்டது. 1991இல் அடுமனைகளுக்கான விதி வந்தது. ஈஸ்ட்டு மாவைப் புளிக்கவைக்கும்போது உருவாகும் எத்தனால், பெரிய வணிக அடுப்புகளில் ஆவியாகி வெளியேறுவதே இதற்குக் காரணம். 1997இல் சங்கிலிப்பட்டையில் இறைச்சியை நகர்த்தி வாட்டும் உணவக அடுப்புகளில் வினையூக்கிக் கருவி பொருத்தும் கட்டாயம் வந்தது. கீழிருந்து தீ எரியும் திறந்த வாட்டடுப்புகளுக்கு மலிவான தீர்வு இல்லாததால் அவை அவ்விதியில் விடுபட்டன.

மரச்சாமான் தொழில் கடுமையாக எதிர்த்தது. மேல்பூச்சில் கரைப்பானைக் குறைக்கும் விதிகளால் பட்டறைகள் மெக்சிகோவுக்கு இடம்பெயர்கின்றன என உரிமையாளர்கள் கூறினர். 1991இல் நடுவண் அரசின் பொதுக் கணக்காய்வு அலுவலகம் இதை ஆராய்ந்தது. 1988க்கும் 1990க்கும் இடையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதி மரச்சாமான் நிறுவனங்களில் 1 முதல் 3 விழுக்காடு வரை மெக்சிகோவுக்குச் சென்றதாக அது மதிப்பிட்டது. குறைந்த கூலி, தளர்வான சுற்றுச்சூழல் விதிகள் ஆகிய இரண்டையும் பெரும்பாலானோர் காரணமாகக் கூறினர். சுமை உண்மை என்பதை அறிக்கை காட்டியது. ஆனால் விதி மட்டுமே காரணம் என்ற கூற்றை அது உறுதிப்படுத்தவில்லை.

உலர் சலவையகங்கள்

உலர் சலவையில் நீருக்குப் பதிலாகப் பயன்பட்டுவந்த கரைப்பான் பெர்குளோரோஎத்திலீன் ஆகும். இது ஓசோனை உருவாக்குவதில் பெரும்பங்கு வகிப்பதில்லை. ஆனால் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. சலவையகங்கள் குடியிருப்புகளுக்கும் பிற கடைகளுக்கும் நடுவே இருப்பதால், வெளியேறும் அளவு சிறிதாயினும் அதை நுகர்வோர் அருகிலேயே உள்ளனர். மொத்த எடையைக் கொண்டு மட்டும் மூலத்தைச் சிறிது, பெரிது எனப் பிரிக்க முடியாது என்பதை இத்தொழில் உணர்த்தியது.

2002 திசம்பரில் மாவட்டம் தன் 1421ஆம் விதியைத் திருத்தி, 2020 இறுதிக்குள் பெர்குளோரோஎத்திலீன் பயன்பாட்டை முற்றிலும் நிறுத்த ஆணையிட்டது. நாட்டில் இத்தகைய முதல் முடிவு இதுவாகும். சலவையகங்களில் பல, கொரிய வம்சாவளியினர் உள்ளிட்ட புலம்பெயர்ந்த குடும்பங்களால் நடத்தப்படுபவை. ஓர் இயந்திரத்தின் விலை அக்குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பாக இருந்தது. எனவே பழைய இயந்திரம் தேய்ந்து முடியும் காலத்தை ஒட்டி நீண்ட தவணை தரப்பட்டதுடன், நீரால் சலவை செய்யும் முறைக்கும் பிற மாற்று முறைகளுக்கும் மாறுவோருக்கு மானியமும் வழங்கப்பட்டது. கலிபோர்னிய மாநிலம் 2007இல் இதே வழியைப் பின்பற்றி 2023ஐ இறுதி ஆண்டாக வைத்தது. நடுவண் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 திசம்பரில், உலர் சலவையில் இக்கரைப்பானை 10 ஆண்டுகளில் கைவிடும் விதியை வெளியிட்டது.

2009ஆம் ஆண்டின் அனுமதி முடக்கம்

மாசு மிகுந்த பகுதியில் புதிய மூலம் தொடங்குவோர், அதற்கு ஈடாக வேறிடத்தில் மாசைக் குறைத்ததற்கான வரவைக் காட்ட வேண்டும் என்பது நடுவண் சட்டத்தின் விதி. பெரும்பாலான மாசுகளில் ஆண்டுக்கு 4 டன்னுக்குக் குறைவாக வெளியிடும் நிலையங்களுக்கு மாவட்டம் இச்சுமையிலிருந்து விலக்களித்திருந்தது. அவற்றுக்கான ஈட்டை மாவட்டமே தன் உள்கணக்கிலிருந்து ஈடுசெய்தது. மூடப்பட்ட தொழிலகங்களின் கைவிடப்பட்ட வரவுகளே அக்கணக்கின் இருப்பாகும். மருத்துவமனை, காவல் நிலையம் போன்ற இன்றியமையாத பொதுச் சேவைகளும் இதனால் பயன்பெற்றன.

இந்த இருப்பைப் புதிய மின் நிலையங்களுக்கும் திறந்துவிட மாவட்டம் முடிவெடுத்தபோது சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. சுற்றுச்சூழல் தாக்கத்தை முறையாக ஆராயாமல் முடிவெடுக்கப்பட்டதாக 2008இல் மாநில நீதிமன்றம் தீர்ப்பளித்து அவ்விதிகளைச் செல்லாதவையாக்கியது. வழக்கு மின் நிலையங்களைப் பற்றியதாயினும், உள்கணக்கு முழுவதும் முடங்கியதால் 2009இல் சிறு தொழில்களுக்கும் அனுமதி வழங்க முடியாமற் போயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அனுமதிகள் தேங்கின. பொருளாதார மந்தநிலையின் உச்சத்தில் இருந்த காலம் அது. பழைய கருவியை மாற்றித் தூய்மையான கருவி வைக்க விரும்பியவர்களும் காத்திருக்க நேர்ந்தது. மாநிலச் சட்டமன்றம் 2009இல் தனிச்சட்டம் இயற்றி, 2010 தொடக்கத்திலிருந்து அனுமதிகள் மீண்டும் வழங்கப்பட வழிசெய்தது. சிறு மூலங்களுக்கான விலக்கு, பெரிய மூலங்களுக்கான கணக்கோடு எவ்வளவு இறுகப் பின்னியுள்ளது என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

முலாம் பட்டறைகளும் பாரமவுண்ட் நகரும்

குரோமிய முலாம் பூசும் தொட்டிகளிலிருந்து ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நுண்துளிகளாக வெளியேறுகிறது. மிகச் சிறிய அளவிலேயே புற்றுநோய் ஆபத்தை விளைவிப்பது இது. 1980களின் இறுதியிலிருந்து இத்தொழில் கட்டுப்பாட்டில் உள்ளது. இருப்பினும் 2016இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியைச் சேர்ந்த பாரமவுண்ட் நகரில் நிறுவப்பட்ட கண்காணிப்புக் கருவிகள் இக்குரோமியத்தை மிகை அளவில் பதிவு செய்தன. உலோகப் பட்டறைகள் குடியிருப்புகளையும் பள்ளிகளையும் ஒட்டி அமைந்த தொழிலாளர் நகரம் அது.

விசாரணையில் தெரியவந்தது வேறொன்று. மின்சாரம் பாயும் முலாம் தொட்டிகள் விதிக்குள் இருந்தன. ஆனால் மின்சாரமின்றிச் சூடாக்கப்படும் சில குரோமியத் தொட்டிகளும், உலோகத்தைப் பதப்படுத்தும் வெப்ப உலைகளும் குரோமிய மூலங்களாக அதுவரை கருதப்படவில்லை. விலக்குப் பட்டியல் ஒரு காலத்தின் அறிவையே காட்டுகிறது. அறிவு வளர்ந்தும் பட்டியல் வளராவிட்டால் அதன் விலையை அண்டை வீட்டார் கொடுக்கின்றனர். 2018 நவம்பரில் திருத்தப்பட்ட 1469ஆம் விதி இத்தொட்டிகளையும் உள்ளடக்கியதுடன், பட்டறைகள் கட்டட மறைப்புக்குள் இயங்க வேண்டும் என்றும் கூறியது. மாநிலக் காற்றுவள வாரியம் 2023இல் மேலும் சென்று, அலங்கார முலாமில் இக்குரோமியத்தை முதலிலும், கடின முலாமில் 2039க்குள்ளும் கைவிட வேண்டுமென முடிவெடுத்தது.

இதற்கிடையே 2017இல் மாநிலம் இயற்றிய 617ஆம் சட்டமுன்வரைவு, வடிநிலம் முழுவதன் சராசரியைப் பார்ப்பதோடு நில்லாமல், பல சிறு மூலங்கள் நெருங்கிக் கிடக்கும் குடியிருப்புகளைத் தனியே கண்காணித்துத் திட்டம் வகுக்க வழிசெய்தது. வில்மிங்டன், பாயில் ஹைட்ஸ், சான் பெர்னார்டினோ ஆகியவற்றைச் சார்ந்த பகுதிகள் முதலில் தேர்வாயின.

வீட்டுக் கருவிகள்

நீர் சூடேற்றிகள், அறை சூடேற்றும் உலைகள் ஆகியவற்றின் நைட்ரசன் ஆக்சைடு வெளியீட்டை 1978 முதல் மாவட்டம் தயாரிப்பாளர்கள் வழியாகக் கட்டுப்படுத்தி வருகிறது. 2024 சூனில் சிறு கொதிகலன்களுக்கும் பெரிய நீர் சூடேற்றிகளுக்கும் படிப்படியாகப் புகையற்ற கருவிகளை வேண்டும் திருத்தம் நிறைவேறியது. ஆனால் வீட்டு நீர் சூடேற்றிகள், உலைகள் பற்றிய இதைப் போன்ற முன்மொழிவு 2025 சூனில் மாவட்டக் குழுவில் 5க்கு 7 என்ற வாக்குகளில் தோற்றது. மின்கருவிக்கு மாறும் செலவை வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் தாங்க முடியாது என்பது எதிர்த்தவர்களின் வாதம். இலட்சக்கணக்கான வீடுகளின் புகையை விட்டுவிட்டு ஓசோன் அளவை எட்ட முடியாது என்பது ஆதரித்தவர்களின் வாதம். 1950களில் குப்பை எரிகலங்களைப் பற்றி எழுந்த வாதங்களும் ஏறத்தாழ இவையே.

விளைவுகள்

1955இல் லாஸ் ஏஞ்சலசில் ஓசோன் அளவு பத்து இலட்சத்தில் 0.68 பங்கு வரை உயர்ந்தது. 1977இல் முதல்நிலை ஓசோன் எச்சரிக்கை விடப்பட்ட நாள்கள் 121. 1999இல் அத்தகைய எச்சரிக்கை ஒன்றும் விடப்படவில்லை. இம்முன்னேற்றத்தில் ஊர்திப் புகைக் கட்டுப்பாட்டின் பங்கே பெரிது எனினும், மாவட்டத்தின் அனுமதியின் கீழ் இயங்கும் பல்லாயிரம் நிலையங்களில் பெரும்பாலானவை சிறு தொழில்கள் என்பதால், அவற்றின் விதிகளின் பங்கும் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆயினும் நடுவண் அரசின் ஓசோன் தரத்தை வடிநிலம் இன்னும் எட்டவில்லை.

எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் நிலைத்துநின்ற திருத்தங்களுக்குப் பொதுவான சில இயல்புகள் உண்டு. எரிகலத் தடை குப்பை அகற்றும் ஏற்பாட்டோடு சேர்ந்தே செயற்பட்டது. சலவையக விதி இயந்திரத்தின் ஆயுளைக் கணக்கில் கொண்டது. பதிவு முறை கடைக்காரரின் சுமையைக் குறைத்துக்கொண்டே கருவிகளைக் கணக்கில் வைத்தது. கணக்கிலேயே இல்லாமல் விடுபட்ட பாரமவுண்டின் தொட்டிகளோ, கண்காணிப்புக் கருவி வந்து காட்டும் வரை எவருக்கும் தெரியாமல் இருந்தன.